குடவோலைக் கல்வெட்டை வகுப்பில் படிக்கவைப்பது எப்படி: புதிய வரலாற்று ஆசிரியர்களுக்கு

ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர் நிர்வாகத்துக்கு ஆள் எடுத்த சோழர் காலக் குடவோலை முறையைப் பற்றிப் பாடநூல் சில வரிகளில் சொல்லிவிடும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது" என்று பேச்சுப் போட்டியிலும் பேசுவார்கள். அந்த வரிகளுக்கு ஆதாரமான கல்வெட்டு இன்றும் உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. அதன் வாசகம் அச்சிலும் கிடைக்கிறது. ஆனாலும் வகுப்பறைக்குள் அது வருவதில்லை. அதை இரண்டு பாடவேளைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இது பொருந்தும். ஆறாம் வகுப்புக்குக் கல்வெட்டு வாசகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதன்மைச் சான்று என்பது பாடத்துக்கு அலங்காரம் இல்லை. பாடம் சொல்லும் செய்தியைப் பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்ப்பதற்கான பொருள் அது. எனவே சான்று முதலில் வரவேண்டும், விளக்கம் பிறகு வரவேண்டும். இந்த வரிசை மாறினால் மீதி எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஆசிரியர் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை

உத்தரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் வாரியத் தேர்வை, அதாவது ஊர்ச் சபையின் குழுக்களுக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, மற்றது 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பராந்தகன் 907இல் பட்டமேறியதாகக் கொள்வதால் இவை 919, 921 என்று ஆகும். ஆட்சியாண்டு ஜனவரி மாதத்தில் தொடங்குவதில்லை, ஆகவே ஓர் ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்பதை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாடநூல்களில் இந்த ஆண்டுகள் சற்றே வேறுபடுவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது கல்வெட்டு சொல்லும் நடைமுறை இது. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, அந்தக் குடும்பின் பெயர் எழுதிய வாயோலையை மேலே பூட்டுவார்கள். 30 கட்டுகளும் குடத்துக்குள் போகும். சபை முழுவதும் கூடியிருக்க, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். மத்யஸ்தன், அதாவது நடுவராக நிற்பவன், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பான். அங்கே இருக்கும் நம்பிமார்களும், அதாவது கோயில் பூசகர்களும், வாசிப்பார்கள். இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், மற்றவர்களில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் தனி. முதல் வகுப்பில் அவற்றைத் தொடாதீர்கள், தலைசுற்றிவிடும்.

இதில் வாக்குப்பதிவு எங்கேயும் இல்லை. இது குலுக்கல். இதை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. இரண்டாம் பாடவேளையில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

தாள் தயாரிப்பு

கல்வெட்டு முழுவதையும் நகலெடுத்துக் கொடுப்பதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. அதன் நீளமும் அதில் விரவிவரும் வடசொற்களும் முதல் ஐந்து நிமிடத்திலேயே வகுப்பைத் தூங்கவைத்துவிடும். ஒரு தாளில் 20 முதல் 30 சொல்லுக்கு மேல் கல்வெட்டு வாசகம் வேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவு போதும். இருவருக்கு ஒரு தாள். ஆளுக்கொன்று கொடுத்தால் பேச்சு எழாது.

முதல் தாளில் தொடக்க வரி:

"மதிரை கொண்ட கோப்பரகேசரிவன்மர்க்கு யாண்டு பதினாலாவது நாள் பதினாறு காலியூர்க் கோட்டத்துத் தன்கூற்று உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையோம்"

இரண்டாம் தாளில் தகுதி வரி:

"காநிலத்துக்கு மேல் இறைநிலம் உடையான் தன் மனையிலே அகம் எடுத்துக்கொண்டு இருப்பானை எழுபது பிராயத்தின் கீழ் முப்பத்தைந்து பிராயத்தின் மேற்பட்டார் மந்த்ரப்ராஹ்மணம் வல்லான் ஓதுவித்தறிவானைக் குடவோலை இடுவதாகவும்"

பதிப்புக்குப் பதிப்பு எழுத்துக்கூட்டல் சிறிது மாறும். எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். தாளின் அடியில் சொற்பொருள் ஐந்தாறு வரி: காநிலம் – கால் வேலி நிலம், இறைநிலம் – வரி கட்டும் நிலம், அகம் – வீடு, பிராயம் – வயது, மந்த்ரப்ராஹ்மணம் – வேதத்தின் மந்திரமும் பிராமணப் பகுதியும், ஓதுவித்தறிவான் – பிறருக்கு ஓதுவித்துப் பழகியவன். இதற்கு மேல் பொருள் எழுதாதீர்கள். "தன் மனையிலே அகம் எடுத்துக்கொண்டு" என்பதைப் பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும்.

'கால் வேலி என்றால் எவ்வளவு' என்று கட்டாயம் கேட்பார்கள். பிற்காலத் தஞ்சை வழக்கில் ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர். அந்தக் கணக்கில் கால் வேலி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சோழர் காலத்தில் நிலமளக்கும் கோல் இடத்துக்கு இடம் மாறியதால் இதைத் தோராயமாக மட்டும் சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதும்போது 'சுமார்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

தாளின் மேல்மூலையில் ஒரு சிறு கட்டம் போட்டு அதில் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்த ஊர், எந்தக் கட்டடத்தின் சுவர், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தக் கல்வெட்டுத் தொகுதி நூலிலிருந்து எடுத்தது. இனி வகுப்புக்குள் வரும் எல்லாச் சான்றுக்கும் இந்தக் கட்டம் உண்டு என்று பழக்கிவிட்டால், வாட்ஸப்பில் சுற்றும் 'சோழர் கால அதிசயக் கல்வெட்டு'ப் படத்தைப் பார்த்ததும் கட்டம் எங்கே என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

வாசகம் எங்கே கிடைக்கும் என்றால், இந்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் மின்படிகள் இணையத்தில் உள்ளன. மாநிலத் தொல்லியல் துறை மாவட்டவாரியாக வெளியிட்ட தொகுதிகள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். உத்தரமேரூரின் இந்த இரண்டையும் கல்வெட்டு அறிஞர் வெங்கையா, தொல்லியல் துறையின் 1904–05 ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டார். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்ப்பதும் வீண்போகாது.

முதல் பாடவேளை (40 நிமிடம்)

முதல் ஐந்து நிமிடம் கல்லின் படம் மட்டும். ஸ்மார்ட் போர்டு இருந்தால் அதில் காட்டுங்கள், இல்லையென்றால் குழுவுக்கு ஒரு வண்ண நகல். எந்த விளக்கமும் வேண்டாம். "தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். க, ட, ப, ம போன்ற சிலவற்றை ஊகிப்பார்கள். தப்பாக ஊகித்தாலும் திருத்த வேண்டாம்.

அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: கொபபரகெசரிவனமரககு. சொல்லிடைவெளி இல்லை, புள்ளி இல்லை, எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. அக்காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் இதைப் படித்துப் பிரிக்கட்டும். கல்வெட்டைப் படிப்பது என்றால் முடிவெடுப்பதும் சேர்ந்ததுதான் என்பது அப்போது அவர்களுக்குப் புரியும். வாசிப்பவர் முடிவு மாறினால் வாசகமும் மாறும். கிரந்த எழுத்து கலந்து வருவதைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும்.

பிறகு முதல் தாளைக் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கேள்விகள் மூன்று. பேசுவது யார்? எப்போது? இதில் அரசனின் பெயர் இருக்கிறதா? மூன்றாவதுதான் சுவாரசியமானது. 'பராந்தகன்' என்ற பெயர் அந்த வரியில் இல்லை. பரகேசரி என்பது சோழர்கள் மாறிமாறிச் சூடிய பட்டம். அப்படியானால் யார் என்று எப்படிச் சொல்கிறோம்? 'மதிரை கொண்ட' என்ற அடைமொழியால். மதுரையை வென்ற பரகேசரி முதலாம் பராந்தகன். 'சபையோம்' என்ற தன்மைப் பன்மையையும் யாராவது ஒருவர் பிடிப்பார். ஆணையை எழுதிக்கொண்டவர்கள் ஊர்ச் சபையார். அரசனின் ஆணை வந்ததும் அரசு அதிகாரி உடனிருந்ததும் கல்வெட்டிலேயே வருகின்றன. சபை தன்னிச்சையாக முடிவெடுத்ததா, அரசன் சொல்லி எடுத்ததா என்ற கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு நகருங்கள்.

மீதி இருபது நிமிடம் இரண்டாம் தாளுக்கு. இங்கே கேட்கும் கேள்வியில்தான் பாடம் நிற்கும் அல்லது விழும். 'வயது வரம்பு என்ன?' என்று கேட்டால் அது தமிழ்ப் பாடத்தின் உரைநடைப் பயிற்சி ஆகிவிடும், விடை வரிக்குள்ளேயே இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: இந்த ஊரில் வாழ்ந்தும் குடத்துக்குள் பெயர் போகாதவர்கள் யார் யார்? எந்தச் சொல் அவர்களை வெளியே நிறுத்துகிறது? நிலமில்லாதவர், சொந்த மனையில்லாதவர், இளைஞர், முதியவர் என்று முதலில் சொல்வார்கள். பெண்கள் என்று யாராவது சொன்னால், "எந்தச் சொல்லால்?" என்று திருப்பிக் கேளுங்கள். தனியாக விலக்கும் சொல் அந்த வரியில் இல்லை. 'உடையான்', 'வல்லான்' என்ற ஆண்பால் முடிவுகளும் வேதக் கல்வி நிபந்தனையும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. 'மந்த்ரப்ராஹ்மணம் வல்லான்' என்ற ஒரே தொடர் ஊரின் பெரும்பகுதி மக்களைச் சத்தமில்லாமல் வெளியே வைத்துவிடுகிறது. இது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை என்பதை இந்த இடத்தில் சொல்லலாம். வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்றும் வணிகர் குடியிருப்பில் 'நகரம்' என்றும் வேறு அமைப்புகள் இருந்தன.

இரண்டாம் பாடவேளை: குடம்

36 பேர் கொண்ட வகுப்புக்குத் தேவையானவை: இரண்டு குடம் (பிளாஸ்டிக் குடமானாலும் சரி, வாய் குறுகியதாக இருக்கட்டும்), 2 செ.மீ. அகலத்தில் வெட்டிய சுமார் 40 காகிதத் துண்டுகள், 6 ரப்பர் பேண்டு, 36 கதாபாத்திர அட்டைகள். வகுப்பை ஆறு குடும்பாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குடும்புக்கும் இந்த ஆறு அட்டைகள்:

அ) 42 வயது, அரை வேலி இறைநிலம், சொந்த மனையில் வீடு, ஓதுவித்தறிவான்.
ஆ) 50 வயது, அரைக்கால் வேலி மட்டும், ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) விளக்கவல்லவன்.
இ) 33 வயது, மற்ற எல்லாத் தகுதியும் உண்டு.
ஈ) எல்லாத் தகுதியும் உண்டு, ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன் வாரியம் செய்தவன்.
உ) எல்லாத் தகுதியும் உண்டு, ஆனால் வாரியம் செய்து கணக்குக் காட்டாத ஒருவரின் மருமகன்.
ஊ) அதே ஊரில் உழுது வாழும் குடியானவன்.

அட்டைகளைக் கவிழ்த்துவைத்துப் பிள்ளைகளே எடுக்கட்டும். இன்னாருக்கு இன்ன அட்டை என்று நீங்கள் கொடுக்கவே கூடாது. ஒரு குழந்தையின் சாதியோ வீட்டு நிலையோ அட்டையோடு தற்செயலாகக்கூடப் பொருந்துவது போல உங்கள் கையால் நடந்தால், அந்தக் குழந்தைக்கு அது பாடமாக இருக்காது. "உங்கள் வீட்டில் எவ்வளவு நிலம்?", "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்விகள் விளையாட்டாகக்கூட வேண்டாம்.

அட்டையோடு விதிச் சீட்டு ஒன்றும் கொடுங்கள். இரண்டாம் தாளின் தகுதிகளோடு மூன்று சேர்க்கை: ஒரு வேதத்தோடு நான்கு பாஷ்யத்தில் ஒன்றை விளக்கவல்லவனாயின் அரைக்கால் வேலி போதும், கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவன் கூடாது, கணக்குக் காட்டாதவனும் அவனது நெருங்கிய உறவினரும் கூடாது. உறவுப் பட்டியல் கல்வெட்டில் நீளமானது. சிற்றவை பேரவை மக்கள், அத்தை மாமன் மக்கள், மகளை மணந்த மருமகன் என்று போய்க்கொண்டே இருக்கும். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், "இவ்வளவு விரிவாக எழுத என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். ஒரு விதி விரிவாக எழுதப்பட்டால் அதற்கு முன் ஏதோ ஒரு தகராறு இருந்திருக்கலாம். இருந்தது என்று கல் சொல்லவில்லை, ஊகிக்க இடம் தருகிறது, அவ்வளவுதான்.

குடும்பு தகுதியுள்ளோர் பெயரை மட்டும் துண்டில் எழுதிக் கட்டி, வாயோலை வைத்துக் குடத்தில் போடும். அ, ஆ இரண்டும் தேறும் என்பதால் ஒவ்வொரு கட்டிலும் குறைந்தது இரண்டு ஓலை இருக்கும். ஓலை எடுக்க இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு குழந்தையை அழைத்துக்கொள்ளுங்கள். முன்னமே அந்த வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மத்யஸ்தனாக நிற்கும் மாணவர் ஐந்து விரலையும் விரித்து வாங்கட்டும். ஏன் விரிக்கவேண்டும் என்று கேட்டால் பின்பெஞ்சிலிருந்துதான் பதில் முதலில் வரும்: விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவைக்க முடியாது.

ஆறு பேரும் தேர்வானபின் கேளுங்கள்: "இப்போது யாராவது யாருக்காவது வாக்குப் போட்டீர்களா?" சிறிது நேரம் அமைதி இருக்கும். அந்த அமைதியை நீங்கள் நிரப்பாதீர்கள்.

ஊ அட்டை வந்தவர்கள் ஆட்டம் முழுவதும் சும்மா உட்கார நேரும். அது கல்வெட்டின் உண்மைதான், ஆனால் குழந்தைக்கு அலுப்பு. அவர்கள் கையில் ஒரு தாள் கொடுத்து, ஏரி வாரியத்திடம் கேட்க நினைத்தும் கேட்க முடியாத கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். மடை திறப்பு யார் கையில், தூர் வாரும் வேலை யார் தலையில் என்றெல்லாம் வரும். கடைசி ஐந்து நிமிடத்தில் அதை வாசிக்க வையுங்கள்.

நேரம் மிஞ்சினால் 919 கல்வெட்டின் வயது வரம்பைக் கரும்பலகையில் எழுதுங்கள்: 30க்கு மேல், 60க்குக் கீழ். இ அட்டைக்காரர் உடனே எழுந்து நிற்பார், முதல் விதிப்படி அவருக்கு இடம் உண்டு. இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? நிச்சயமான விடை கிடையாது. மூத்தவர்களுக்குச் சாதகம், அனுபவம் தேவைப்பட்டது, இளைஞர்களால் சிக்கல் என்று பிள்ளைகள் பலவும் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் "இதற்குக் கல்லில் என்ன ஆதாரம்?" என்று கேட்டு, ஆதாரம் இல்லாததை 'ஊகம்' என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

முடிவில் பாடநூலின் அந்தச் சில வரிகளைத் திறந்து, எந்த வரிக்குச் சான்று பார்த்தோம், எதற்குப் பார்க்கவில்லை என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பாடநூல் பொய் என்ற முடிவுக்கு வகுப்பு தாவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கும்போது சில விடுபடும் என்பதுதான் செய்தி. எதிர்ப்பக்கம் சாய்வதும் நடக்கும்: "அப்படியானால் இது மோசமான முறை" என்பார்கள். ஊழல் செய்தவரின் உறவினரையும் விலக்கி, மூன்று ஆண்டு இடைவெளியும் கட்டாயமாக்கிய விதிகள் அதே கல்லில்தான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே வைக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கல்வெட்டு சொல்வது விதி. விதிப்படி ஆண்டுதோறும் நடந்ததா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு சான்று வேண்டும்.

மூன்றாம் பாடவேளை கிடைத்தால்

திருநெல்வேலி அருகே மானூர்க் கல்வெட்டைப் பக்கத்தில் வையுங்கள். பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 800. அங்கும் சபையில் பங்கேற்க நிலமும் கல்வியும் நிபந்தனைகள். சபையில் வரும் எல்லாவற்றுக்கும் 'அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு 5 காசு தண்டம் என்றும் இருக்கிறது. மாணவர் மன்றக் கூட்டம் நடத்திப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். ஒரே கல்வெட்டை வைத்துத் 'தமிழகம் முழுதும்' என்று எழுதும் பழக்கத்தை உடைக்க இந்த ஒப்பீடு உதவும்.

ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் இதே முறையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கும் பயன்படுத்தலாம். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் தமிழில் எழுதப்பட்டது. ஆனந்தரங்கர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், வணிகர். கல்வெட்டு ஊரறிய வெட்டியது, நாட்குறிப்பு தனக்காக எழுதியது. எனவே கேள்வியும் மாறும்: எழுதியவருக்கு இதில் என்ன ஆதாயம்?

மதிப்பெண்

பத்து மதிப்பெண்ணுக்கு ஒரே கேள்வி போதும். பிள்ளைகள் பார்த்திராத ஒரு கல்வெட்டு வரியைக் கொடுத்து, 'இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது?' என்று கேளுங்கள். யார், எப்போது என்பதற்கு 2; உறுதியான கூற்றும் அதற்கான சொல்லை மேற்கோள் காட்டுவதும் 4; சொல்ல முடியாததும் அதன் காரணமும் 4. அழகான கையெழுத்தில் பாடநூலை அப்படியே எழுதியவருக்கு இதில் 2க்கு மேல் வராது. பெற்றோர் கேட்பார்கள், விடைத்தாளைக் காட்ட ஆயத்தமாக இருங்கள்.

ஊர்க் கல்லுக்குப் போகும்போது

இரண்டு மூன்று பாடத்துக்குப்பின் பிள்ளைகளே "நம்ம ஊர்க் கோயிலில் இருக்கிறதே" என்பார்கள். தலைமையாசிரியரிடமும் கோயில் நிர்வாகத்திடமும் முன்னதாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு முறைக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம், சுவர் முன் நின்று பார்க்க இடம் இருக்காது. காலை ஏழரைக்கு முன் அல்லது மாலையில் சாய்ந்த வெயில் விழும்போது எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நிழற்சுவர் என்றால் கைப்பேசி டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். நேராக ஒளியடித்தால் பள்ளம் மறைந்துவிடும்.

எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது, கம்பித் தூரிகையால் துடைப்பது எதுவும் கூடாது. மைப்படி எடுப்பது பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் வேலை. புதர் மறைத்த நடுகல்லோ, படிக்கட்டாகப் போட்ட எழுத்துக் கல்லோ கண்ணில் பட்டால் தோண்டவோ நகர்த்தவோ விடாதீர்கள். அளவுகோல் வைத்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய ஒரு படம், இருப்பிடக் குறிப்பு, பார்த்த தேதி ஆகிய நான்கையும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பிவிட்டு, அதன் நகலைப் பள்ளிக் கோப்பில் வையுங்கள்.